புத்தகத் திருவிழாவுக்குப் போகும் முன்: சமூகநீதி ஆய்வு நூல்கள் சில, கொங்கு வாசகர் கண்ணில்

கோவையில் ஜூலை, ஈரோட்டில் ஆகஸ்ட். கொங்கு நாட்டில் ஆங்கில ஆய்வு நூல்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்க வாய்ப்பது பெரும்பாலும் இந்தப் புத்தகத் திருவிழாக் காலத்தில்தான். மற்ற நாட்களில் அட்டைப் படத்தை இணையத்தில் பார்த்துவிட்டு நம்பிக்கையில் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. சமூகநீதி, நிறப் பாகுபாடு, அரசுக் கொள்கை பற்றிப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் போடும் நூல்கள் விலை கூடியவை. ஒரு கெட்டி அட்டை நூலின் விலைக்கு நாலைந்து தமிழ் நூல்கள் வாங்கிவிடலாம். எதற்குக் காசு கொடுக்கலாம், எதை நூலகத்தில் எடுத்தால் போதும், எதைப் பைசா செலவில்லாமல் படிக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இங்கே அளவுகோல் ஒன்றுதான். ஏற்றத்தாழ்வு காலம்காலமாக இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்ல 300 பக்கம் தேவையில்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த அலுவலகத்தின் எந்தக் கோப்பு, யாருடைய கையெழுத்து அதை நிலைநிறுத்தியது என்று நூல் காட்ட வேண்டும். அதைப் படிக்கிறவர் தானும் போய்ச் சரிபார்க்க வழி விட வேண்டும். ஆகவே ஒரு நூலைக் கையில் எடுத்ததும் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: குறிப்புகள், ஆதாரப் பட்டியல், சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் இண்டெக்ஸ்). அதன்பிறகு முன்னுரைக்கு வரலாம்.

அந்த அளவுகோலுக்கு மிக நன்றாக ஈடுகொடுப்பது ரிச்சர்ட் ராத்ஸ்டீன் எழுதிய 'தி கலர் ஆஃப் லா' (2017). அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்களும் வெள்ளையரும் தனித்தனியே வாழ்வது தானாக அமைந்ததல்ல, மத்திய, மாகாண, நகராட்சி அரசுகள் சட்டம் போட்டு, கடன் விதி எழுதி உண்டாக்கியது என்பது நூலின் வாதம். வாதத்தைவிட அதை அடுக்கும் விதம்தான் இங்கே கற்க வேண்டியது. கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் குடியேறலாம் என்று நகராட்சிகள் போட்ட விதிகளை 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உடனே அதே வேலையை வேறு கருவிகள் செய்யத் தொடங்கின. கிரயப் பத்திரத்திலேயே 'கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது' என்று ஷரத்து எழுதினார்கள். 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் தருவதற்கு வைத்த மதிப்பீட்டுக் கையேட்டில், இனம் கலந்த குடியிருப்பு ஆபத்தானது என்றே எழுதிவைத்தது. நியூயார்க்கை ஒட்டிய லெவிட்டவுனில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிப்பட்ட உத்தரவாதத்தின் மேல்தான் எழுந்தன; கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்பது அதற்கு நிபந்தனை. அந்த ஷரத்துகளை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று தீர்ப்பு வந்தது 1948-இல். பாகுபாட்டைத் தடைசெய்யும் வீட்டுவசதிச் சட்டம் வந்தது 1968-இல். அதற்குள் அந்த வீடுகளின் விலை ஏறி, சொத்து ஒரு தரப்பின் கையில் சேர்ந்துவிட்டது. கதவு திறந்தபோது உள்ளே நுழையும் விலை கைக்கெட்டாத தூரத்துக்குப் போயிருந்தது.

இந்த நூலுக்கு ஒரு குறை உண்டு. வீட்டு உரிமையாளர் கடன் நிறுவனம் என்ற அரசு அமைப்பு 1930-களில் நகரப் பகுதிகளைக் கடன் ஆபத்தின் அளவுப்படி பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு (மிக ஆபத்து) என்று நிறம் தீட்டிய வரைபடங்களுக்கு இதைப் படித்தவர்கள் அளவுக்கு மீறிய கனம் கொடுத்துவிடுகிறார்கள். வரைபடம் போட்டதாலேயே கடன் நின்றதா, அல்லது கடன் மறுக்கப்பட்ட இடங்களை வரைபடம் பதிவு மட்டும் செய்ததா என்பதில் பொருளாதார வரலாற்று ஆய்வாளர்களிடையே விவாதம் ஓய்ந்தபாடில்லை. உண்மையில் கடிவாளம் பிடித்தது உத்தரவாதம் தந்த நிர்வாகம்தான் என்று பார்க்கிற ஆய்வுகளும் உண்டு. சிவப்பு வரைபடத்தை மட்டும் ஒளிப்படமாக எடுத்து மேடையில் காட்டுகிறவர்கள் மதிப்பீட்டுக் கையேட்டை விட்டுவிடுகிறார்கள். கையேடுதான் வலுவான ஆதாரம். வரைபடங்களைப் பார்க்க நூலை நம்பியிருக்கவும் வேண்டாம். ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் 'மேப்பிங் இன்ஈக்வாலிட்டி' தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களின் வரைபடங்கள், அதிகாரிகள் எழுதிய வட்டாரக் குறிப்புகளோடு இலவசமாகக் கிடைக்கின்றன. நூலின் கடைசியில் உள்ள கேள்வி-பதில் பகுதியைத் தவறவிடாதீர்கள். 'என் தாத்தா செய்ததற்கு நான் ஏன் பொறுப்பு?' என்ற வகைக் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்லும் இடம் அது. நம்மூரில் இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வியும் அதுதான்.

இதைப் படித்த கையோடு 'எங்கள் ஊர் காலனியும் இப்படித்தான்' என்று முடிவுகட்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. அங்கே தள்ளிவைத்த கருவி வங்கிக் கடன். இங்கே அது வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கும் நூல் ரூபா விஸ்வநாத்தின் 'தி பறையா ப்ராப்ளம்' (2014). கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பு விலை கூடியது. இந்தியப் பதிப்பை நவயானா போட்டிருக்கிறது, அதையே கேளுங்கள். 1890-களிலிருந்து 1920-கள் வரை சென்னை மாகாண ஆவணங்களைத் தோண்டி எழுதிய நூல். நில உடைமையாளர்கள், மிஷனரிகள், அரசு அதிகாரிகள் மூவரும் சேர்ந்து, உழைப்புச் சுரண்டலாக இருந்த ஒன்றை மதம், வழக்கம் சார்ந்த பிரச்சினையாக மாற்றிப் பேசப் பழகிவிட்டார்கள். அப்படிப் பேசியதால் நிலமும் கூலியும் பேச்சிலிருந்தே நழுவிப் போயின என்பது இதன் மையம்.

இந்த அடுக்கிலேயே நிதானமாகப் படிக்க வேண்டியது இதில் வீட்டுமனை பற்றி வரும் பகுதி. சேரி நிலம் யார் பெயரில் இருந்தது? பல இடங்களில் பண்ணையக்காரர் பெயரில். கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரி என்று சொல்லிவிடலாம். ஆக, குடியிருக்கும் மனைதான் ஆளைக் கட்டிப்போட்ட கயிறு. 1920 வாக்கில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை வாங்கித் தரத் தொடங்கியபோது நில உடைமையாளர்கள் ஏன் அவ்வளவு எதிர்த்தார்கள் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. சில சென்ட் மனை போவது அவர்களுக்குப் பொருட்டல்ல. மறுநாள் வேலைக்கு வர மறுக்கும் துணிச்சல் அந்த மனையோடு வந்துவிடும் என்பதுதான் பயம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் அறிக்கை எழுதி, 1892-இல் பஞ்சமி நில (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலம்) அரசாணைக்கு வழிபோட்ட வரலாறும் இதில் விரிவாக உண்டு.

கொங்கு வாசகர் இங்கே ஒரு எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நூலின் ஆதாரங்களில் பெரும்பங்கு செங்கல்பட்டு, தஞ்சை போன்ற மிராசு முறைப் பகுதிகளைச் சேர்ந்தவை; ஊர் நிலத்தில் சில குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமை இருந்த இடங்கள் அவை. தரிசு நிலத்துக்கு யார் மனுப் போட்டாலும் மிராசுதாருக்கு முன்னுரிமை என்ற அதிகாரம் அங்கே இருந்தது. பழைய கோயமுத்தூர் ஜில்லா ரயத்துவாரி, அதாவது அரசு உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கிய முறை. மேட்டுக்காடும் கிணற்றுப் பாசனத் தோட்டமுமாக, வீடு தோட்டத்திலேயே இருக்கும் பண்ணையம். இங்கே வருஷக் கணக்குக்கு ஒப்புக்கொண்டு, குடும்பத்தோடு தோட்டத்து வேலை பார்த்த அருந்ததியர் பண்ணையாளின் நிலையை மிராசு ஊர்ச் சேரியோடு அப்படியே பொருத்த முடியாது. மனை என்ற கயிறு இங்கேயும் இருந்தது. கூடவே முன்பணம் என்ற இன்னொரு கயிறும் இருந்தது.

நூலில் படித்ததைச் சொந்த ஊரில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் தாலுகா அலுவலகத்தில் தொடங்கலாம். ஒவ்வொரு சர்வே எண்ணும் யார் பெயரில் என்று காட்டும் கிராமக் கணக்கு 'அ' பதிவேடு. இணையத்தில் கிடைக்கும் அதன் சான்று 1979-க்குப் பிறகு நடந்த யு.டி.ஆர். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை அடியொற்றியது. கண்டிஷன் பட்டா (நிபந்தனையோடு தந்த பட்டா) என்ற குறிப்பு அதில் விடுபட்டுப் போயிருக்கலாம். அதனால் அதே சர்வே எண்ணுக்கு யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெயரும் குறிப்புக் கலமும் மாறுகின்றனவா என்று பாருங்கள். பஞ்சமி நிலத்தை முதல் பத்து ஆண்டுகள் விற்கவே கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நகல் தர மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். மனுவில் 'எல்லா ஆவணங்களும்' என்று எழுதினால் திருப்பி விடுவார்கள். கிராமம், பழைய சர்வே எண், புதிய சர்வே எண், பதிவேட்டின் பெயர் நான்கையும் குறிப்பிட வேண்டும். அரசு அமைத்த காலனி என்றால் நிலம் கையகப்படுத்திய கோப்பும் இருக்கும். 1978-க்குப் பிறகு பெரும்பாலும் ஆதிதிராவிடர் நலத்துக்கென்றே வந்த தனிச் சட்டத்தின் கீழ் எடுத்திருப்பார்கள். ஊரைவிட்டு எவ்வளவு தூரம் தள்ளி இடம் பார்த்தார்கள், யார் ஆட்சேபம் தெரிவித்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் கிடைக்க வாய்ப்பு உண்டு. ராத்ஸ்டீன் செய்த வேலையை நம்மூருக்குச் செய்வது என்றால் இதுதான்.

முன்பணத்துக்கு வருவோம். கேர்ட் டி நீவ் எழுதிய 'தி எவ்ரிடே பாலிடிக்ஸ் ஆஃப் லேபர்' (2005) பவானி ஜமக்காளத் தறிகளையும் குமாரபாளையம் விசைத்தறிகளையும் பற்றியது. தறிக்காரர்கள் 'பாக்கி' என்று சொல்லும் முன்பணம் இதில் முக்கியமான பொருள். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கண்ணாடி வழியே பார்த்தால் பாக்கி என்பது தளை. இந்த ஆய்வு தறிக்கூடத்துக்குள் உட்கார்ந்து பார்க்கிறது. ஆள் கிடைக்காத காலத்தில் பாக்கி கொடுக்காமல் முதலாளியால் ஆளைப் பிடிக்க முடியாது. தொழிலாளி பாக்கியைக் கேட்டு வாங்குகிறார், கூட்டிக் கேட்கிறார், ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்கு அந்தப் பாக்கியைக் கட்டச்சொல்லி மாறுகிறார், சில சமயம் கட்டாமலும் போய்விடுகிறார். தளையும் அதை எதிர்க்கும் வழியும் ஒரே பணத்தில் இருக்கின்றன. கொள்கை வகுக்கிறவர்கள் இந்த நூலைப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்: பாக்கியைத் தடைசெய்துவிட்டு, மருத்துவச் செலவுக்கும் கல்யாணச் செலவுக்கும் வேறு வழி செய்யாமல் விட்டால் அந்தக் குடும்பம் வட்டிக்காரரிடம்தான் போகும். கள ஆய்வு 1990-களில் நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கித் தறியும் வடமாநிலத் தொழிலாளர்களும் பெருகிவிட்ட இன்றைய நிலைக்கு இதை நேரடிச் சாட்சியாகக் காட்டக் கூடாது.

இதே மண்ணைப் பற்றிய இன்னொரு நூல் சரத் சாரியின் 'பிரட்டர்னல் கேபிடல்' (2004). இந்தியாவில் பர்மனென்ட் பிளாக் வெளியீடு. திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் சாதாரண விவசாயப் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்பது கேள்வி. 'உழைப்பால் உயர்ந்தோம்' என்று அவர்கள் சொல்லும் விளக்கத்தை ஆசிரியர் பொய் என்று ஒதுக்கவில்லை. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. தோட்டத்தில் கூலியாளோடு சேர்ந்து தானும் வேலை செய்தபடியே வேலை வாங்கிய பழக்கம், பங்காளி கூட்டு, உறவுக்குள் கடன், வேலையைப் பிரித்துப் பிரித்துச் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கொடுக்கும் முறை, இவை எல்லாம் அந்த 'உழைப்பு' என்ற சொல்லுக்குள் அடங்கியிருப்பதைக் காட்டுகிறார். நடை கடினம். கோட்பாட்டுப் பகுதி அதிகம். முதல் இயலிலேயே பலர் மூடி வைத்துவிடுவார்கள். திருப்பூர்க்காரர்கள் தொழில் வரலாறும் நேர்காணல்களும் வரும் இயல்களை முதலில் படித்துவிட்டுப் பிறகு கோட்பாட்டுக்குத் திரும்பலாம். நூல் மேலே வந்தவர்களின் வரலாறு என்பதால், வர முடியாதவர்களைத் தேடினால் பக்கங்கள் போதாது.

அந்தக் குறையை நிரப்ப நூல் வாங்க வேண்டியதில்லை, கட்டுரை போதும். ஜூடித் ஹேயர் 1980-களின் தொடக்கத்திலிருந்து கோவை மாவட்டத்தின் அதே சில கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கணக்கெடுத்து எழுதியவர். பண்ணையாள் முறை தேய்ந்தது, சிலர் கரும்பு வெட்டு முன்பணத்தில் மறுபடி மாட்டிக்கொண்டது, பக்கத்திலேயே திருப்பூர் வளர்ந்தும் தலித் குடும்பங்களுக்கு அதில் எளிதில் இடம் கிடைக்காதது, ரேஷனும் சத்துணவும் அவர்கள் வாழ்க்கையில் உண்டாக்கிய நிஜமான மாற்றம் என எல்லாமே வீட்டு வாரியான கணக்கோடு வருகிறது. கிரேஸ் கார்ஸ்வெல்லும் டி நீவும் சேர்ந்து எழுதிய திருப்பூர்ச் சுற்றுவட்டாரக் கிராமக் கட்டுரைகளும் இதே தரம். ஜேஸ்டோர் தளத்தில் தனிநபர் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். அட்டவணைகளைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எத்தனை வீடுகளில் எடுத்த கணக்கு என்பதை. சில நூறு வீடுகளில் எடுத்த கணக்கை மாவட்டம் முழுவதற்கும் நீட்டிப் பேசுவது மேடைகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

அமெரிக்கா பக்கம் இன்னும் ஒரு நூல், ஐரா கட்ஸ்னெல்சனின் 'வென் அஃபர்மேட்டிவ் ஆக்ஷன் வாஸ் ஒயிட்' (2005). தலைப்பே வாதம்: சலுகை முதலில் போனது வெள்ளையருக்கு. 1935-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் எந்த இடத்திலும் நிறத்தைக் குறிப்பிடவில்லை. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் மட்டும் விலக்கியது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்தது அந்த வேலைகளைத்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கான 1944-ஆம் ஆண்டுச் சட்டமும் நிறம் பார்க்கவில்லை. ஆனால் கடனைக் கொடுக்கும் வேலை உள்ளூர் வங்கியிடம் இருந்தது. மிசிசிப்பியில் 1947-இல் உத்தரவாதத்தோடு தரப்பட்ட 3,200-க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2.

விவசாயக் கூலிகளை விலக்கியதற்கு நிறவெறி காரணமல்ல, வசூலிக்கும் நிர்வாகச் சிக்கல்தான் காரணம் என்று ஆவணங்களோடு மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த மறுப்பையும் தேடிப் படிப்பது நல்லது. நோக்கம் எதுவானாலும் விளைவு மாறவில்லை, 1950-களில் சட்டத்தைத் திருத்தும் வரை அவர்கள் வெளியேதான் நின்றார்கள். விசைத்தறி ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த நூலின் பாடம் உடனே புரியும். நம் சட்டங்களில் எண்ணிக்கைதான் வாசற்படி: இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப்.புக்கு 20 பேர். ஒரே கூரையின் கீழ் ஓடும் தறிகளை மனைவி பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று என்று பிரித்துப் பதிந்தால் யாரும் வாசற்படியைத் தொட மாட்டார்கள். யாரையும் விலக்குவதாகச் சட்டம் சொல்லாமலேயே விலக்கு நடந்துவிடுகிறது. ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது பயனாளிப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் தகுதி விதியைப் பாருங்கள் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரும் நூல்கள் குறைவு.

பொறியியல் கல்லூரிகள் நிறைந்த கோவை, ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் இருக்க வேண்டியது அஜந்தா சுப்பிரமணியனின் 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' (2019). மேற்கு ஜெர்மனி உதவியோடு 1959-இல் தொடங்கிய சென்னை ஐஐடிதான் களம். கைவேலை தெரிந்த சாதிகளிடம் இருந்த தொழில்நுட்பம் 'பொறியியல்' என்ற பட்டப் படிப்பாக மாறும்போது அது யார் கைக்குப் போனது, நுழைவுத் தேர்வு மதிப்பெண் எப்படிப் பிறவித் திறமையின் சான்றாக மாறியது, பயிற்சி மையங்களில் படித்து வந்தவர்கள் பெருகியபோது 'இயல்பான அறிவு, பயிற்றுவித்த அறிவு' என்று புதிய கோடு எப்படி விழுந்தது என்று படிப்படியாகப் போகிறது. 1951-இல் சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணை (சாதி, மத வாரியாக இடம் பங்கிட்ட ஆணை) நீதிமன்றத்தில் விழுந்து, அதன் விளைவாக அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த நூல் இன்னும் அதிகம் பேசும். தமிழ்நாடு தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வை நீக்கியதையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கியதையும் பற்றி வாதாட வருகிறவர் இதை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். நூல் ஒரு தனித்த உயர்மட்ட நிறுவனத்தைப் பற்றியது. நாமக்கல் பள்ளிகளின் விடுதிப் பயிற்சி முறைக்கு இதன் முடிவுகளை நேராகப் பொருத்த வேண்டாம். அங்கே பயிற்சியால் மேலே வந்தவர்கள் வேறு சாதியினர், கணக்கு வேறு.

கலையரசன், விஜயபாஸ்கர் இருவரும் எழுதிய 'தி திராவிடியன் மாடல்' (2021) கேம்பிரிட்ஜ் வெளியீடு. கல்வி, சுகாதாரம், தொழில், கூலி எல்லாவற்றிலும் தமிழ்நாட்டை மற்ற மாநிலங்களோடு வைத்து எண்களால் பேசுகிறது. கையேடாக வைத்துக்கொள்ளத் தக்கது. மாநிலச் சராசரி உயர்ந்ததை நிறுவுவதில் இருக்கும் பலம், ஒரு மாவட்டத்துக்குள், ஒரு ஊருக்குள் யார் பின்தங்கினார் என்பதில் இல்லை. கடைசி இயல் குறைகளைப் பேசுகிறது என்றாலும் அது சுருக்கம். பட்டியல் சாதிகளுக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்று 2009-இல் தனிச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை மேற்கு மாவட்டங்களின் நிலவரம் தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது. அத்தகைய உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டதால் இந்தக் கேள்வி இனி இன்னும் கூர்மையாகும். இந்த நூலையும் ஹேயரின் கட்டுரைகளையும் அருகருகே வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கடைகளில் அதிகம் கண்ணில் படுவது இசபெல் வில்கர்சனின் 'காஸ்ட்' (2020). அமெரிக்க நிறப் பாகுபாட்டைச் சாதி என்று பார்க்கச் சொல்லும் நூல். நடை ஓடும், மனதைத் தொடும். அமெரிக்கப் பகுதிகளுக்காகப் படிக்கலாம். இந்தியாவைப் பற்றி அதில் உள்ளவை மேலோட்டம். கட்டுரைக்கோ வழக்குக்கோ ஆதாரமாக எடுக்க முடியாது.

அம்பேத்கரின் 'அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்' இல்லாமல் இந்த அடுக்கு நிற்காது. 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடு ரத்தானதால் அவரே அச்சிட்ட உரை. முதல் பதிப்பு 1,500 பிரதி இரண்டே மாதத்தில் தீர்ந்ததாகவும், குஜராத்தியிலும் தமிழிலும் அதற்குள் மொழிபெயர்ப்பு வந்துவிட்டதாகவும் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதுகிறார். அந்தத் தமிழ், பெரியாரின் குடி அரசு வழியாக வந்தது. அந்த இதழ் 1925-இல் ஈரோட்டில் பிறந்தது என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. நவயானாவின் 2014 பதிப்பில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் பெயருக்கும் விளக்கக் குறிப்பு உண்டு, அதற்காகவே வாங்கலாம். அருந்ததி ராயின் முன்னுரை மிக நீளம். முதலில் அம்பேத்கரின் உரை, அடுத்து காந்தியின் மறுப்பு, அதற்கு அம்பேத்கரின் பதில், பிறகு முன்னுரை என்ற வரிசையில் படித்தால் உரையின் வேகம் கெடாது. குறிப்புகள் தேவையில்லை என்றால் மூல உரை இலவசம்: அம்பேத்கர் எழுத்துகளின் தொகுதிகள் வெளியுறவு அமைச்சக இணையதளத்திலேயே உள்ளன. தமிழ்த் தொகுதிகளை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனக் கடையில் கேட்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பேர்பெற்ற நூல்களுக்குத் திருட்டு அச்சு நடைபாதைக் கடைகளில் தாராளம். பாதி விலையில் வருகிறதே என்று ஆய்வு நூலை அப்படி வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். பக்கங்களைக் குறைக்கக் குறிப்புகளையும் சொல்லடைவையும் வெட்டிவிடுவது உண்டு. வரைபடங்கள் சாம்பல் திட்டாக வரும். வெறும் பசை முதுகு நடுவில் விரித்ததும் விண்டுவிடும். நூலை நடுப்பக்கத்தில் முழுதாகத் திறந்து பாருங்கள், முதுகு வெடித்தால் வைத்துவிடுங்கள். பொருளடக்கத்தில் சொல்லடைவு எந்தப் பக்கம் என்று போட்டிருக்கிறதோ அங்கே அது இருக்கிறதா என்றும் பாருங்கள். 'தெற்காசியாவில் மட்டும் விற்பனைக்கு' என்று அச்சிட்ட பதிப்பு முறையானது, உள்ளடக்கம் அதேதான். தாள் மட்டும் சற்று மட்டம். மின்னூல் மலிவு, தேடலாம், ஆனால் சிலவற்றில் பக்க எண் இருக்காது. ஆய்வேட்டிலோ மனுவிலோ மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு அது தலைவலி.

சொல்லடைவில் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பக் கூடாது. கொங்கு என்பதன் கடைசி 'கு'வுக்குப் பழைய நூல்கள் ஆங்கில 'ஜி' எழுத்துக்குப் பதில் 'கே' எழுத்துப் போட்டு எழுதும். பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தைப் பற்றி 1972-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே அப்படித்தான் இருக்கிறது. அருந்ததியர் என்ற பெயர் பழைய ஆய்வுகளில் வராது; சக்கிலியர், மாதாரி என்றுதான் இருக்கும். கொத்தடிமை, முன்பணம், பண்ணையாள் மூன்றையும் தனித்தனியே தேட வேண்டும். கேம்பிரிட்ஜ் நூல்களின் முன்பக்கங்களும் சொல்லடைவும் அதன் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதால் வீட்டிலிருந்தே இதைச் செய்துவிடலாம். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் முழுதாக உண்டு. தரம் ஏறியிறங்கும். கள அட்டவணைக்காகப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் வாங்க முடியாதவர்கள் விஸ்வநாத், டி நீவ் இரண்டையும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிவரும். ராத்ஸ்டீனும் கட்ஸ்னெல்சனும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கிச் சுற்றில் விட ஏற்றவை. கேம்பிரிட்ஜ், ஹார்வர்ட் கெட்டி அட்டைகளைக் கல்லூரி நூலகம் வாங்கட்டும். மாவட்ட மைய நூலகத்தில் வாசகர் பரிந்துரைப் பதிவேடு கேட்டு எழுதிவையுங்கள். திருவிழாக் கடைகளில் இருப்பு இல்லாத நூலுக்கு முன்பதிவு செய்யும்போது தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு வராமல், இந்தியப் பதிப்பின் ஐஎஸ்பிஎன் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டின் நகல் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மடங்கு விலையில் வெளிநாட்டுப் பதிப்பு வந்து இறங்கினால் திருப்பிக் கொடுக்க அந்த நகல் கையில் இருக்க வேண்டும்.